வண்டு வந்த பிறகு அம்மாவின் வேலை என்ன ஆனது? இதை எந்தத் துறையில் ஆய்வது?

பெர்ஜுந்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2007-ஆம் ஆண்டிலேயே ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றாலும் எங்கள் வீட்டில் இன்றுவரை பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் பேச்சு. வார இறுதிகளில் முதுகலைப் பட்டத்துக்குப் படித்து வருகிறேன். ஆய்வேட்டுக்கான முன்மொழிவை வரும் பருவத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எதை ஆராய வேண்டும் என்பது எனக்குத் தெளிவாக இருக்கிறது. அதை எந்தத் துறையின் வாசலில் கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் அலைகிறேன்.

எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான், 1917-இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) பயிரிட்டார். (தென்னமரம் என்ற பெயரைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை, பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை.) என் பாட்டி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் வேலைக்குப் போனவர் என் அம்மா. அவருக்கு இப்போது எழுபது வயதாகிறது. 1970களின் பிற்பாதியில் அவர் செய்தது செம்பனைப் பூவுக்குப் பொடி தூவும் வேலை. விடியுமுன் பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பெயர் கொடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு துணிப்பையும் கையில் ரப்பர்க் குமிழ் பொருத்திய போத்தலுமாகப் பெண்கள் தீம்பாருக்குள் (தோட்டத்தின் மரப்பகுதிக்குள்) போவார்களாம். மட்டை முள்ளை விலக்கி, மரத்துக்கு மரம் குனிந்து பார்த்து, பெண் பூ விரிந்திருந்தால் குமிழை அமுக்கி மகரந்தப் பொடியைத் தூவ வேண்டும். விரியாத பூவுக்கு மீண்டும் மறுநாளோ அதற்கு மறுநாளோ வர வேண்டும். அம்மாவின் வலது முன்கையில் இன்றும் புள்ளி புள்ளியாகக் கறுத்த முள் தழும்புகள் இருக்கின்றன. சிறுவயதில் அவற்றை அம்மை வடு என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். "வண்டு வந்துச்சு, எங்க வேல போச்சு" என்பதுதான் அம்மா அதைப் பற்றிச் சொல்லும் ஒரே வாக்கியம். அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் ஆராய விரும்புகிறேன்.

வேளாண் அறிவியல் பக்கம் விசாரித்தபோது, வண்டைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். வரலாற்றுப் பக்கம் ஆவணம் எங்கே என்று கேட்டார்கள். சமூகவியல் பக்கம், எத்தனை பேரிடம் கேள்வித்தாள் கொடுக்கப் போகிறீர்கள், மாதிரி அளவு என்ன என்று கேட்டார்கள். இந்த வேலையைச் செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களாக இதுவரை நான் கண்டுபிடித்தது அம்மாவையும் சேர்த்து ஆறு பேரை. மூன்று வாசலிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் மூன்றிலும் உள்ளே விடவில்லை.

ஆகவே என் கேள்விகள் இவை. ஒரு தாயின் பேச்சு ஆய்வுக்குத் தரவாகுமா? ஆகுமென்றால் அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? ஆய்வேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியிருக்கும்போது, தோட்டத்துத் தமிழில் பதிவாகும் பேச்சை என்ன செய்வது?

குலை எண்ணியவன் எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். செம்பனை ஆய்வு நிலையம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டம் வாங்கியவன் அல்லன். பட்டம் வாங்கியவர்களுக்குக் குலை வெட்டிக் கொடுத்தவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். அதைக் காற்று கொண்டுபோகிறது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். ஆப்பிரிக்கா செம்பனையின் தாயகம். அங்கே யாரும் பொடி தூவாமலேயே குலை நிறையக் காய் பிடிக்கிறது, இங்கே பிடிப்பதில்லை, காரணம் என்ன என்று தேடப் போனபோதுதான் பூச்சியின் பக்கம் பார்வை திரும்பியது. 1970களின் இறுதியில் கேமரூனில் இதை ஆராய்ந்தவர் ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியலாளர். வேறு பயிர்களை அந்த வண்டு தின்னுமா, நோயைக் கூடவே கொண்டுவருமா என்று சோதித்த பிறகு, 1981-இல் மலேசியத் தோட்டங்களில் அதை விட்டார்கள். எலைடோபியஸ் கேமருனிக்கஸ் என்பது அதன் பெயர். நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆண் பூவில் சோம்பு போன்ற ஒரு வாசம் வரும். வண்டு அங்கேதான் தின்று, முட்டையிட்டு, குடும்பம் நடத்துகிறது. பெண் பூ விரியும்போது அதுவும் அதே மாதிரியான வாசத்தை விடுவதால் வண்டு ஏமாந்து அங்கே போகிறது. தின்ன ஒன்றும் இல்லாமல், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டுத் திரும்புகிறது. உங்கள் அம்மா குமிழை அமுக்கிச் செய்ததை இது ஏமாந்துபோய்ச் செய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

விளைவை எப்படி அளந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது தேவைப்படும். பழுத்த குலையைக் கோடரியால் பிளந்து, காம்புகளைப் பிரித்து, பழங்களை உதிர்த்து, பருப்பு உள்ள பழம் ஒரு குவியல், மகரந்தம் சேராமல் பருப்பில்லாமல் நின்ற பழம் ஒரு குவியல் என்று பிரிப்போம். இரண்டையும் எண்ணி, நிறுத்து, பதிவேட்டில் எழுதுவோம். வண்டுக்குப் பிறகு முதல் குவியல் பெருத்தது, குலையின் எடையும் கூடியது. ஆய்வுக் கட்டுரைகளில் இது மட்டும்தான் வரும். அந்த எடை கூடிய குலையை வெட்டித் தூக்கியவரின் தோளைப் பற்றி எந்தப் பத்தியும் இருக்காது. அதை எழுதுவது எங்கள் வேலை என்று நாங்கள் அன்று நினைக்கவே இல்லை.

இனி உங்களுக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீபகற்பத் தோட்டங்களில் பொடி தூவும் வேலை பெரும்பாலும் இளம் மரங்களுக்கானது. காய்க்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் மரம் பெண் பூவாகவே தள்ளும், ஆண் பூ அரிது, மகரந்தம் போதாது. மரம் வளர வளர ஆண் பூ கூடும், தூவும் தேவை தானாகவே குறையும். சபாவில் நிலைமை வேறு; அங்கே முதிர்ந்த மரங்களுக்கும் தூவ வேண்டியிருந்தது. அப்படியானால், உங்கள் அம்மாவின் வேலையை எடுத்துக்கொண்டது வண்டா, அல்லது மரத்தின் வயதா? வண்டு வராமலே இருந்திருந்தாலும் அந்தத் தீம்பாரில் அந்த வேலை இரண்டொரு ஆண்டுகளில் முடிந்திருக்கக்கூடும். வேலை நின்றபோது மரம் எவ்வளவு உயரம் இருந்தது, குனிந்து தூவினாரா நிமிர்ந்து தூவினாரா என்று கேளுங்கள். மரம் எந்த ஆண்டு நட்டது என்பதையும் கேளுங்கள். அந்தப் பதில் இல்லாமல் "வண்டு வந்துச்சு, வேல போச்சு" என்பதை முடிவாக எழுதினால், பூச்சியியல் தெரிந்த தேர்வாளர் ஒருவர் ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

ஐந்தாம் எண் லயம் எழுதியது:

எங்கள் அம்மாவும் இந்த வேலை செய்தவர்தான், பேராக்கில். இரண்டு செய்திகள் மட்டும் சொல்கிறேன். ஒன்று, எங்கள் தோட்டத்தில் ஆண்களும் தூவினார்கள். உயர்ந்த மரங்களுக்கு நீண்ட குழாய் கட்டித் தூவியது அவர்கள்தான். ஆகவே இது பெண்களின் வேலை என்று தலைப்பிலேயே முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டு, எங்கள் அம்மா அந்த வேலை போனதற்கு வருத்தப்பட்டதே இல்லை. பாம்புக்குப் பயந்து பயந்து செய்த வேலை அது, ஒழிந்தது நல்லது என்றுதான் சொல்வார். நீங்கள் இழப்புக் கதை ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு கேட்டால் ஆறு பேரும் உங்களுக்கு இழப்புக் கதையைத்தான் சொல்வார்கள். ஆசிரியைக்குப் பிடித்ததைச் சொல்வதில் நம் மக்களுக்கு எப்போதுமே தயக்கம் கிடையாது.

காப்பகத் தூசி எழுதியது:

வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், "ஆவணம் எங்கே" என்று உங்களைத் திருப்பி அனுப்பிய சக துறையினருக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வி தவறில்லை, ஆனால் கேட்டவர் உங்களோடு சேர்ந்து தேடியிருக்க வேண்டும்.

போருக்கு முந்திய தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்களுக்குக் காகிதப் பஞ்சம் அவ்வளவாக இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் இருக்கின்றன; தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன; மலாயாவில் இந்திய அரசின் முகவராக இருந்தவர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. 1970கள் நமக்கு மிகவும் அண்மையில் இருப்பதாலேயே அந்தக் காலத்துத் தோட்டக் காகிதங்களை யாரும் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. அவை கிராணிகளின் (தோட்ட எழுத்தர்களின்) மேசையில் கிடந்தன. தோட்டம் கைமாறியபோதும் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்டபோதும் தீயிலும் குப்பையிலும் போயின. ஆகவே உங்கள் காப்பகம் கோலாலம்பூரில் இல்லை, உங்கள் ஊர்த் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் இருக்கிறது. ஓய்வுபெற்ற கிராணிகளைத் தேடுங்கள். செக்ரோல் புத்தகம் ஒன்று கிடைத்தாலும் போதும். அதில் நாள்வாரியாக யார் எந்த வேலைக்குப் போனார் என்பது பதிவாகியிருக்கும். தூவும் வேலைக்குப் போன பெயர்கள் எந்த மாதத்தில் குறைகின்றன, அதே பெயர்கள் அடுத்த மாதம் எந்த வேலையின் கீழ் வருகின்றன என்று பார்த்தால், நமது ஓய்வுபெற்ற நண்பர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னொரு தடம், கூலி ஒப்பந்தம். 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிகள் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், எந்தெந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்று வகை பிரித்திருப்பார்கள். உங்கள் அம்மாவின் வேலை அதில் எந்தப் பெயரில் வருகிறது, தனியாக வருகிறதா அல்லது பொதுவேலை என்ற தலைப்புக்குள் அடங்கிவிடுகிறதா என்று பாருங்கள். பெயரில்லாமல் போன வேலை என்றால் அதுவே ஓர் இயலுக்கான செய்தி.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தாயின் பேச்சு தரவாகும். ஆவணமும் ஒருவர் சொன்னதுதான். துரையின் ஆண்டறிக்கையில் இருப்பது துரையின் பேச்சு, அது தட்டச்சில் இருப்பதால் மட்டும் உண்மையாகிவிடாது. ஆனால் பேச்சை எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆண்டைக் கேட்காதீர்கள். "எந்த வருஷம்மா?" என்றால் உங்கள் முகத்தைப் பார்த்து ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார். யார் கல்யாணத்துக்கு முன், எந்தப் பிள்ளை கைப்பிள்ளையாக இருந்தபோது, கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும், ஆண்டை அதிலிருந்து நீங்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரே செய்தியைச் சில வாரங்கள் விட்டு மீண்டும் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே சொற்களில் வந்தால் அது பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. மாறி வந்தால் எங்கே மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒற்றை வாக்கியம் எனக்குப் பழகிய கதையாகத்தான் தோன்றுகிறது. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அம்மாவே மறந்திருக்கலாம்.

ஐந்தாம் எண் லயத்தார் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆறு பேரில் ஒருவராவது "நல்லவேளை" என்று சொன்னால் அதை முதலில் எழுதுங்கள்.

புழுங்கலரிசி எழுதியது:

பொதுச் சுகாதார ஆய்வில் இருப்பவள். என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. துறைகளுக்கு இடையில் நிற்கும் கேள்வி என்று நீங்கள் வருந்துவதால், இதே மண்ணில் நடந்த பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும். மாநிலத்து மருத்துவர்களில் ஒருவரான பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களை வாட்டிய இந்த நோய், தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாக அண்டவில்லை. காரணம் அவர்களின் சோற்றுப் பானையில் இருந்தது: அவர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தையமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. இது பிற்காலத்தில் தெரிந்த விளக்கம். பிராடன் அன்று, கெட்டுப்போன வெள்ளை அரிசியில் ஒருவித நஞ்சு சேர்வதாக நம்பினார். அவர் பார்த்தது சரி, சொன்ன காரணம் தவறு. வைட்டமின் என்ற கருத்துக்குப் பெயர் வந்ததே 1912-இல்தான். ஆக, ஒரு மக்கள் கூட்டம் நெல்லை எப்படிக் குத்தித் தின்கிறது என்று மானுடவியலாளரைப் போலக் கவனித்ததும் வேதியியலை அசைத்தவற்றில் ஒன்று. உங்கள் அம்மாவின் போத்தலும் துணிப்பையும் அந்த வகைச் செய்திகள்தாம் என்பது என் எண்ணம்.

ஆனால் இதைச் சொன்னால் இதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தக் கவனிப்பை உறுதிப்படுத்திய சோதனைகளில் ஒன்றை ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூரில், மனநோயாளிகளின் காப்பகத்தில் நடத்தினார். 1907-இல் அதை வெளியிட்டார். உள்ளே இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறுபாதிக்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசிப் பக்கம் நோய் வந்தது, ஆட்கள் இறந்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பின்னர் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களைக் கொண்டு இன்னும் கவனமாக அதே வழியில் போனார்கள். அறிவியல் நூல்களில் இவை வெற்றிகளாக எழுதப்பட்டிருக்கின்றன, வெற்றிகள்தாம். அந்த மனநோயாளிகள் காப்பகத்தில் இறந்தவர்களின் பெயரை நான் எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் ஆறு பேரிடமும் முறையாகச் சம்மதம் வாங்குங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதை அப்படியே நீட்டிக் கைரேகை வாங்கிவிட்டுச் சம்மதம் என்று எழுதாதீர்கள். நான் பணிசெய்த ஓரிடத்தில் அதுதான் நடந்தது. நான்கு பக்கப் படிவத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்கள், அந்த அம்மாவும் போட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லி, அவர் கேள்வி கேட்கக் காத்திருங்கள்.

தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மறைத்துவிடுங்கள். 1960களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டம் ஒன்றில் களப்பணி செய்த மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின், தம் நூலில் அந்தத் தோட்டத்துக்குப் "பால் மெலாயு" என்று புனைபெயர்தான் வைத்தார்.

காப்பகத் தூசி எழுதியது:

இந்தக் கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மனநோயாளிகள் காப்பகத்தில் இறந்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை என்று வருந்திய சகோதரியே, அடுத்த மூச்சில் பெயரை மறைக்கச் சொல்கிறார். மானுடவியலில் புனைபெயர் ஒரு மரபு, வாய்மொழி வரலாற்றில் சொன்னவரின் பெயரோடு பதிவுசெய்வது மரபு. அம்மாவிடமே கேளுங்கள், தம் பெயர் அச்சில் வர விரும்புகிறாரா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

பேச்சுத்தமிழ் எழுதியது:

மொழி பற்றிய கேள்விக்கு யாரும் வராததால் நான் வருகிறேன். மொழியியல் என் துறை.

ஒலிப்பதிவிலிருந்து நேராக மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ போகாதீர்கள். முதலில் தமிழிலேயே, பேசியது பேசியபடி, "வந்துச்சு" என்பதை "வந்தது" என்று திருத்தாமல் எழுதுங்கள். பள்ளி ஆசிரியைக்குக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஒலிப்பதிவின் நிமிடத்தையும் நொடியையும் குறித்துவிடுங்கள். அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு. பெரட்டு, தீம்பாரு, நிரை, ஆயாக்கொட்டகை, கிராணி, துரை போன்ற சொற்களை அப்படியே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் விளக்கம் கொடுங்கள். துரையை "மேலாளர்" என்று மொழிபெயர்த்தால் சம்பளமும் பதவியும் வரும், அவர் காரில் வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நின்றது வராது.

அம்மாவின் அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "எங்க வேல போச்சு" என்கிறார், "எங்கள வேலைய விட்டு நிறுத்திட்டாங்க" என்று சொல்லவில்லை. நிறுத்தியவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. வண்டு வருகிறது, வேலை போகிறது, இரண்டுக்கும் நடுவில் ஆளே கிடையாது. அது தற்செயலா, அல்லது உண்மையிலேயே யாரும் எதுவும் அறிவிக்காமல் ஒரு நாள் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் "நாங்கள் வேலையிழந்தோம்" என்ற பொருளில் மொழிபெயர்த்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

பெர்ஜுந்தை ஆசிரியை எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. உங்கள் பதில்களைப் படித்த அன்றிரவே அம்மாவோடு மீண்டும் உட்கார்ந்தேன். நடந்ததை இங்கே வைக்கிறேன்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டினேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற இடத்தில் அம்மா, "பெத்த புள்ளகிட்டேருந்து எங்க வெலகுறது?" என்று கேட்டுவிட்டுக் கோப்பியைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். மகள் தாயைக் கேட்பதில் இருக்கும் சிக்கலை யாரும் இங்கே நேராகச் சொல்லவில்லை, அம்மா சொல்லிவிட்டார். ஆகவே மற்ற ஐவரையும் நான் கேட்பது, அம்மாவை மட்டும் என்னோடு படிக்கும் தோழி ஒருவர் நான் இல்லாத நேரத்தில் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். பெயரைப் பற்றிக் கேட்டேன். தம் பெயர் வரலாம், கங்காணியின் பெயர் மட்டும் வரக்கூடாது, அவர் பேரன் இப்போது நம் தாமானிலேயே இருக்கிறான் என்றார். இரண்டு மரபுகளும் ஒரே ஆளிடம் ஒரே வாக்கியத்தில் வந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் எழுதுவேன்.

ஆண்டைக் கேட்கவில்லை. அண்ணன் தவழ்ந்தானா நடந்தானா என்று கேட்டேன். ஆயாக்கொட்டகையில் விட்டால் அழாமல் இருக்கும் வயதுக்கு வந்துவிட்டான், நான் வயிற்றில் இல்லை என்றார். அண்ணன் 1979-இல் பிறந்தவர், நான் 1983. அந்த இடைவெளிக்குள் 1981 சரியாக விழுகிறது. மரத்தின் உயரத்தையும் கேட்டேன். அம்மா எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்து, "பூ இங்கதான் இருக்கும். குனிஞ்சு குனிஞ்சு இந்த எலும்பு போச்சு" என்று காட்டினார். மரங்கள் அப்போதும் இளம் மரங்களே என்றால், ஐயா சொன்ன வயதுக் காரணம் மட்டும் போதாது போலிருக்கிறது. ஆனால் நட்ட ஆண்டு தெரியாமல் இதை முடிவாக எழுத மாட்டேன்.

பேச்சுத்தமிழ் எழுப்பிய கேள்வியையும் கேட்டேன். யார் வந்து நிறுத்தச் சொன்னது? அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். யாரும் வந்து சொல்லவில்லையாம். ஒரு நாள் பெரட்டில் கங்காணி போத்தலைக் கொடுக்காமல் கோணிச்சாக்கைக் கொடுத்தாராம், அன்றிலிருந்து உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. போத்தலைத் திருப்பிக் கேட்கவே இல்லையாம். அதில் நெடுநாள் விளக்கெண்ணெய் வைத்திருந்தாராம். ஆக வேலை "போகவில்லை", மாறியிருக்கிறது. கூலி கூடியதா குறைந்ததா என்று கேட்டதற்கு, பழம் பொறுக்கும் வேலையில் கணக்கு சாக்குக்குச் சாக்கு, தூவும் வேலையில் ஆள் கணக்கு என்று மட்டும் சொன்னார். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த அந்த ஒற்றை வாக்கியத்தில் இது எதுவுமே இல்லை.

இன்னொன்று. நான்கு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற சின்னக் கிராணி ஒருவரின் மாடிப்படிக்கு அடியில் இரண்டு செக்ரோல் புத்தகங்கள் இருக்கின்றன. கறையான் அரித்த ஓரங்களோடு, ஒன்றின் அட்டையில் 1980 என்று தெரிகிறது, இன்னொன்றின் அட்டையே இல்லை. சனிக்கிழமை வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், வெளியே எடுத்துப்போகத்தான் கூடாதாம்.

குலை எண்ணியவன் எழுதியது:

கோணிச்சாக்கு என்ற செய்தி முக்கியமானது. காய் நன்றாகப் பிடித்தால் உதிரும் பழமும் கூடும், பொறுக்க ஆள் வேண்டும். ஆனால் தூவிய பூ குலையாகிப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். ஆகவே வண்டு வந்த உடனே சாக்கு வந்ததா, அரையாண்டு கழித்து வந்ததா என்பதைச் செக்ரோலில் பாருங்கள். இடையில் அம்மாவின் பெயர் களை பிடுங்கும் வேலையிலோ உரம் போடும் வேலையிலோ இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு எதிரே தீம்பாரு எண் குறித்திருந்தால் விட்டுவிடாதீர்கள்; எண் கிடைத்தால் அது எந்த ஆண்டு நட்ட மரம் என்பதை அந்தச் சின்னக் கிராணி மனப்பாடமாகவே சொல்லக்கூடும். படம் எடுக்கும்போது பக்கத்தின் ஓரம் வரை விழுமாறு எடுங்கள், கறையான் தின்றது போக மிச்சமிருக்கும் எண்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும்.